வடசென்னையில் வீடற்றோர், காப்பகங்கள், மாநகராட்சிச் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டலங்களில் குடியிருப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் பகுதி சபா (வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் சபை) கூட்டங்களிலும், கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போதும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில் எழுதியிருக்கும் நான் இராயபுரம் மண்டலத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து வார்டு வேலைகளில் ஈடுபட்டு வருகிறேன். என் சொந்தக் கருத்து வரும் இடங்களில் அது கருத்து என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

வீடற்றோர் என்று யாரைச் சொல்கிறோம்? குடிசைப் பகுதி மக்களும் அதில் அடக்கமா?

இல்லை. சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடிப்பகுதி, மாடிப்படியின் கீழ், கோயில் வாசல், ரயில்வே பிளாட்பாரம், போட்டு வைத்த பெரிய குழாய்கள் போன்ற இடங்களில், கூரையுள்ள கட்டடம் என்று சொல்ல முடியாத நிலையில் வாழ்பவர்களையே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்று குறிக்கிறது. நான்கு தடுப்பும் ஒரு தகரக் கூரையும் இருந்துவிட்டால் அது கணக்கில் குடிசையாகிவிடும். அதைக் கவனிக்க வேண்டிய துறையும் திட்டமும் வேறாகிவிடும். வடசென்னையில் இவர்களைப் பெரும்பாலும் பிளாட்பாரத்துக்காரர்கள் என்றே சொல்கிறோம்.

அதிகாலை நான்கரை மணிக்கு வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நடந்தால் இந்த வாழ்க்கையைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பெண் தார்ப்பாயை நான்காக மடித்து, பாத்திரங்களையெல்லாம் கோணிச்சாக்கில் போட்டு, சாக்கை இரும்புக் கிராதியோடு சேர்த்து சைக்கிள் சங்கிலியால் பூட்டுகிறார். மூடிய கடையின் ஷட்டர் கொக்கியில் பிள்ளையின் பள்ளிச் சீருடை துவைத்துக் காயப்போட்டிருக்கிறது. கடைக்காரர் வருவதற்குள் சமைத்து, குளித்து, பிள்ளையை அனுப்பி, அங்கே ஒரு குடும்பம் இருந்த சுவடே தெரியாமல் அந்த இடம் பெருக்கப்பட்டிருக்கும். வீடு என்ற சொல்லுக்குள் நாம் அடக்கும் வேலைகள் அத்தனையும் அங்கே நடக்கின்றன. சுவரும் கதவும்தான் கிடையாது.

மொத்தம் எத்தனை பேர்?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் 17.73 லட்சம் பேர் வீடற்றோர். அவர்களில் நகரங்களில் இருந்தவர்கள் 9.38 லட்சம். இந்த எண்ணிக்கை 2011 பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் எடுக்கப்பட்டது. அன்றிரவு மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனவரும், மருத்துவமனை வராந்தாவில் நோயாளியோடு படுத்திருந்தவரும், போலீஸ் விரட்டியதால் வேறு தெருவுக்குப் போனவரும் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே இதைக் குறைந்தபட்ச எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வதே சரி. அடுத்த கணக்கெடுப்பில் மக்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. எந்தத் தெருவில் எத்தனை குடும்பம் படுக்கிறது என்பதை அந்தந்த வார்டு மக்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் இந்த முறை எண்ணிக்கை உண்மைக்கு நெருங்கி வரும்.

இவர்கள் பிழைப்புத் தேடி வந்த வெளியூர்க்காரர்கள்தானே?

சிலர் அப்படி வந்தவர்கள். ஆனால் பாரிமுனை, பிராட்வே, மின்ட், யானைக்கவுனி வட்டாரங்களில் இருக்கும் பல குடும்பங்கள் மூன்று, நான்கு தலைமுறையாக அதே நடைபாதையில் இருப்பவை. கொத்தவால்சாவடியில் காய்கறி மொத்த வியாபாரம் நடந்த காலத்தில் மூட்டை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மீன்பாடி வண்டி (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) ஓட்டுகிறார்கள், பூ கட்டுகிறார்கள், கடைகளில் சரக்கு ஏற்றி இறக்குகிறார்கள். மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது வேலையின் ஒரு பகுதி போனதே தவிர இவர்கள் போகவில்லை. பிறந்த ஊர் எது என்று கேட்டால் அந்தத் தெருவின் பெயரைத்தான் சொல்வார்கள்.

வீடற்றோர் தங்குவதற்கான காப்பகம் நடத்துவது மாநகராட்சியின் கடமையா?

கடமைதான். அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தத்தோடு சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணை, நலிந்த பிரிவினரின் நலன் காப்பதையும் நகர்ப்புற வறுமை ஒழிப்பையும் நகராட்சி அமைப்புகளின் பணிகளில் வரிசைப்படுத்தியிருக்கிறது. உணவு உரிமைக்காக 2001-இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, டெல்லிக் குளிரில் வீடற்றோர் இறந்ததை அடுத்து, 2010-இல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக்கியது. அதன் விதிப்படி ஒவ்வொரு காப்பகமும் சுமார் 100 பேருக்கானது. ஒருவருக்கு 50 சதுர அடி இடம் வேண்டும். 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். வீடற்றோர் கூடும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் அருகில் அமைய வேண்டும்.

விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 2011 கணக்கில் ஏறத்தாழ 67 லட்சம். அப்படியானால் அன்றைய கணக்கிலேயே 67 காப்பகங்கள் இருந்திருக்க வேண்டும். உங்கள் மண்டலத்தில் எத்தனை இருக்கின்றன என்று மண்டல அலுவலகத்தில் கேட்டு, மண்டலத்தின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காப்பகம் என்பது பிச்சைக்காரர்களைப் பிடித்துப்போடும் இடமா?

இல்லை. 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டமும் அதன் கீழ் பிடிபட்டவர்களை வைப்பதற்கான மேல்பாக்கம் இல்லமும் வேறு. காப்பகத்துக்கு வருவதும் போவதும் அவரவர் விருப்பம். யாரையும் இழுத்துவந்து அடைத்துவைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

காப்பகம் இருந்தும் ஏன் பிளாட்பாரத்திலேயே படுக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை நான் அவர்களிடமே பலமுறை கேட்டிருக்கிறேன். கிடைத்த பதில்களில் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

முதல் காரணம் குடும்பம். காப்பகங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, முதியோருக்கு என்று தனித்தனியாகப் பிரிக்கப்பட்டவை. தனியாக இருக்கும் முதியவருக்கும், கைவிடப்பட்ட பெண்ணுக்கும், மனநலம் பாதிக்கப்பட்டவருக்கும் இந்தப் பிரிவினை தேவைதான். ஆனால் வடசென்னை நடைபாதையில் அதிகம் இருப்பவை கணவன், மனைவி, பிள்ளைகள், ஒரு பாட்டி என்று முழுக் குடும்பங்கள். அப்பாவை ஒரு கட்டடத்துக்கும் அம்மாவை இன்னொன்றுக்கும் பன்னிரண்டு வயதுப் பையனை மூன்றாவதற்கும் அனுப்பச் சொன்னால் எந்தக் குடும்பமும் சம்மதிக்காது. நீங்களும் நானும்கூடச் சம்மதிக்க மாட்டோம்.

இரண்டாவது காரணம் வேலை நேரம். பூ வாங்கப் போகிறவர் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். லாரியில் சரக்கு இறக்குகிறவர் நள்ளிரவுக்குப் பிறகுதான் திரும்புவார். குறித்த நேரத்தில் கதவைச் சாத்திவிடும் இடம் இவர்களுக்கு உதவாது. 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருந்தால் போதாது, கதவிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் சாமான். அடுப்பு, பாத்திரம், துணி, ரேஷன் அரிசி, பிள்ளையின் புத்தகம், மீன்பாடி வண்டி ஆகிய இவ்வளவுதான் அவர்களின் மொத்தச் சொத்து. காப்பகத்தில் அதற்குப் பூட்டு உள்ள பெட்டி இல்லையென்றால், சொத்தைக் காவல் காக்க யாராவது ஒருவர் நடைபாதையில் படுத்தே ஆக வேண்டும். வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை சொல்லாத எந்தக் காப்பகமும் வண்டிக்காரருக்கு உரியதல்ல.

ஆகவே எண்ணிக்கையோடு நாம் குடும்பக் காப்பகங்களையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அறை அறையாகத் தடுத்து, பொதுச் சமையலறையும் பூட்டும் பெட்டியும் வண்டி நிறுத்த இடமும் தந்து, பாரிமுனைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு கட்டடம் அமைந்தால் அது நிரம்பும்.

இவர்களுக்கு வாரிய வீடு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

வீடே நிரந்தரத் தீர்வு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. 1970-இல் தொடங்கப்பட்டு 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய குடிசை மாற்று வாரியம் வடசென்னையில் கட்டிய குடியிருப்புகள் பல்லாயிரம் குடும்பங்களைக் கரையேற்றியிருக்கின்றன. ஆனால் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று வீடுகள் தெற்கே போகப்போக, அங்கே போனவர்களுக்குச் சுவர் கிடைத்துப் பிழைப்பு கைவிட்டுப் போயிற்று. பெரும்பாக்கத்திலிருந்து பாரிமுனை 25 கிலோமீட்டருக்கும் மேல். விடியற்காலை மூன்று மணி வேலைக்கு எந்தப் பேருந்தில் வருவது? இதனால்தான் சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்புகிறார்கள். அவர்களை நன்றி கெட்டவர்கள் என்று பேசுவோரைக் கேட்டிருக்கிறேன், மனம் வலிக்கிறது. வீடு எங்கே என்பது வீடு உண்டா என்பதைப் போலவே பெரிய கேள்வி.

இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் என்ற கணக்கில் காப்பகத்துக்கு நிதி வந்தது. அந்த இயக்கத்தின் காலம் 2024 செப்டம்பருடன் முடிந்தது. ஆகவே கட்டடம் பராமரிப்பதும், காவலாளி, சமையலாள் சம்பளமும் மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பாகிவிட்டன. காப்பகங்களை அன்றாடம் நடத்தும் வேலையைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் செய்கின்றன. பணம் பிந்தினால் முதலில் குறைவது சாப்பாடும் ஆளும்தான்.

சாலை, வடிகால், குப்பை என்று ஆயிரம் குறை இருக்கும்போது இதற்கு ஏன் முன்னுரிமை?

நியாயமான கேள்வி. வரியும் ஏறியிருக்கிறது: 2022-இல் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கே சொத்து வரி 50 சதவீதம் கூடியது, பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை கூடியது. அப்படிக் கட்டுகிறவர் தன் தெருவில் மழைத்தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

ஆனால் மாநகராட்சிப் பணம் முழுவதும் ஒரே பானையில் இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வடசென்னையில் நடக்கும் கொசஸ்தலையாற்று வடிநிலப் பகுதி மழைநீர் வடிகால் திட்டம் 3,220 கோடி ரூபாய்த் திட்டம். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் நடப்பது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் காப்பகத்துக்குத் திருப்ப முடியாது. காப்பகத்தைக் கைவிட்டாலும் அந்த வடிகால் ஒரு அடிகூட நீளாது. 2023-இல் 1,000 கோடி என்று அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் 4,181 கோடி மதிப்பில் தொடங்கிவைக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டத்திலும் பல துறைகளின் பணிகள் தனித்தனியே நிர்ணயிக்கப்பட்டவை. வடிகாலா, காப்பகமா என்று இரண்டையும் மோதவிடுவது பெரும்பாலும் கணக்கறியாத சண்டை.

உண்மையில் போட்டி நடப்பது மாநகராட்சியின் சொந்த வருவாயிலும் மாமன்ற உறுப்பினர் நிதியிலும்தான். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநகராட்சியின் மொத்தத் தொகை 5,000 கோடியைத் தாண்டியது. ஒவ்வொரு வார்டுக்குமான உறுப்பினர் நிதி 50 லட்சத்திலிருந்து 60 லட்சமாக உயர்ந்தது. அந்த 60 லட்சத்தில் புதிய காப்பகம் கட்ட முடியாது. ஆனால் இருக்கும் காப்பகத்தின் கூரை ஒழுக்கை அடைக்கலாம், பூட்டும் பெட்டிகள் வாங்கலாம், கழிப்பறைக்கு விளக்குப் போடலாம். நன்றாக இருக்கும் நடைபாதையைப் பெயர்த்து மறுபடி டைல்ஸ் ஒட்டுவதைவிட இவை முந்த வேண்டும் என்பேன்.

சிறு செலவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வடசென்னைக்காரர்கள் அறிந்த சான்று அம்மா உணவகம். 2013-இல் தொடங்கியது, இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் காத்துக் கிடப்பவர்களும் சுமை தூக்குபவர்களும் நடைபாதைக் குடும்பங்களும் ஒரே வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். அது மாநகராட்சிக்கு நட்டம்தான். ஆனாலும் ஆட்சி மாறிய பிறகும் அது மூடப்படாமல், 2024-இல் சீரமைக்க 21 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பசிக்குச் செய்தது உறக்கத்துக்கும் பொருந்தும்.

எங்கள் தெருவில் காப்பகம் வந்தால் பாதுகாப்பு போய்விடாதா?

அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பெண் பிள்ளை வைத்திருப்பவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் காப்பகத்துக்கு வரப்போகிறவர்கள் ஏற்கெனவே உங்கள் தெருமுனையில் விளக்கோ காவலோ இல்லாமல் படுத்திருப்பவர்கள்தான். கட்டடத்துக்குள் வந்தால் பதிவேடும் காவலாளியும் இருக்கும். எதிர்ப்பதற்குப் பதிலாக, பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணை வாசலில் எழுதச் சொல்லுங்கள். மேற்பார்வைக் குழுவில் தெருவாசி ஒருவருக்கு இடம் கேளுங்கள்.

நடைபாதையில் இருப்பவர்களை உடனே அப்புறப்படுத்த மாநகராட்சிக்கு அதிகாரம் இல்லையா?

ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் உண்டு. முன்னறிவிப்பு இல்லாமல் அகற்றுவது முறையல்ல. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம், பிழைக்கும் வழி என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்னது. அப்போதே சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கும் முடிவு செய்யப்பட்டது. வெளியேற்றும் முன் மாற்று இடம் தருவதாக மாநில அரசு கூறியதை நீதிமன்றம் அதில் பதிவு செய்தது. பிள்ளைகளின் தேர்வுக் காலத்திலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அகற்றும் வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லி வார்டு மக்கள் மனுக் கொடுப்பதில் தவறே இல்லை.

பகுதி சபா என்பது என்ன? அங்கே பேசினால் ஏதாவது நடக்குமா?

2022-இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பகுதியின் வாக்காளர்கள் கூடும் கூட்டமே பகுதி சபா. மக்கள் வாயில் அது ஏரியா சபா. மாமன்ற உறுப்பினர் தலைமையில் இயங்கும் வார்டு குழுவில் பகுதிகளின் பிரதிநிதிகள் இருப்பார்கள். எந்தப் பணி முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்வதற்கு வாக்காளருக்குச் சட்டம் தந்திருக்கும் நேரடி இடம் இதுதான். 2023 மே மாதம் இராயபுரம் மண்டலத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மேயர்’ முகாம் போன்றவற்றில் மனுக் கொடுக்கலாம். ஆனால் அது தனித்தனி மனு. சபாவில் சொன்னது பலர் முன்னிலையில் பதிவேட்டில் ஏறுகிறது.

நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தை மறக்க முடியாது. சமுதாயக் கூடத்தில் நாற்காலியெல்லாம் நிரம்பிவிட்டன. கடைசியில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றார். பதிவேடு எழுதிய ஊழியர், “அட்ரஸ் என்னம்மா எழுதட்டும்?” என்றார். “டிரான்ஸ்பார்மர் எதிர்ல பிளாட்பாரம்னு எழுதுங்க சார், கார்டுலயும் அதான் இருக்குது” என்றார் அவர். அதற்கு முன் ஒரு மணி நேரமாக நாங்கள் பேசியது வேகத்தடையும் பூங்கா நடைபாதையும். அவர் கேட்டது ஒன்றுதான்: பொதுக் கழிப்பறையை இரவு பத்து மணிக்குப் பூட்டிக் காலை ஐந்துக்குத் திறக்கிறார்களே, நடுவில் வயசுப் பிள்ளைகள் எங்கே போவது?

கூடம் அமைதியாகிவிட்டது. அந்தக் கழிப்பறையைத் தினமும் கடந்து போகும் எங்களில் ஒருவருக்கும் அதன் பூட்டு கண்ணில் பட்டதில்லை. அன்று தீர்மானத்தில் அதுவே முதல் வரிசையாக எழுதப்பட்டது. அடுத்த கூட்டத்துக்கு முன்பே இரவும் திறந்திருக்க ஏற்பாடாயிற்று. ஆன செலவு ஓர் இரவுக் காவலாளியும் இரண்டு விளக்குகளும். எது முன்னுரிமை என்பதை, தேவை உள்ளவர் கூட்டத்துக்கு வந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் தெரு நடைபாதைக் குடும்பத்தில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாள் கூலி போகாதபடி மாலை நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்லி உறுப்பினரிடம் கேளுங்கள்.

வீடே இல்லாதவருக்கு வாக்குரிமை எப்படி?

உண்டு. படிவம் 6-இல் அவர் படுக்கும் இடத்தை முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே சென்று, அவர் உண்மையிலேயே அங்கு உறங்குகிறாரா என்று பார்த்து உறுதிசெய்தால் போதும். முகவரிக்கு ஆவணம் தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. பட்டியலில் பெயர் இருந்தால் பகுதி சபாவிலும் அவர் உறுப்பினர்.

இரவில் ஒருவர் ஆதரவின்றிக் கிடப்பதைப் பார்த்தால் யாரை அழைப்பது?

மாநகராட்சிக்கு 1913. உடல்நிலை மோசமாக இருந்தால் முதலில் 108. குழந்தையானால் 1098, பெண்ணானால் 181, முதியவரானால் 14567. மனநலம் பாதிக்கப்பட்டு அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் கடமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு காவல் நிலையப் பொறுப்பு அலுவலருக்குத் தந்திருக்கிறது. முடிந்தால் ஆள் வரும்வரை அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். போன் செய்தவர் போய்விட்டால் வந்த வண்டி இடம் தெரியாமல் திரும்பிவிடுகிறது.

செலவுக் கணக்கை நாங்களே கேட்டுப் பெற முடியுமா?

முடியும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: எங்கள் மண்டலத்தில் இயங்கும் காப்பகங்களின் முகவரி, ஒவ்வொன்றின் கொள்ளளவு, கடந்த 12 மாதங்களில் மாதவாரியாகத் தங்கியவர் எண்ணிக்கை, குடும்பமாகத் தங்க இடம் உள்ளதா, கடந்த நிதியாண்டில் ஒதுக்கிய தொகை, செலவிட்ட தொகை, நடத்தும் நிறுவனத்துக்குப் பணம் வழங்கிய தேதிகள். பதில் 30 நாட்களில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கையில் கிடைக்கும் பதிலை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அடுத்த பகுதி சபாக் கூட்டத்தின் பதிவேட்டோடு இணைக்கக் கொடுங்கள்.